சமாதானக் கவளம்

சமாதானத்தைப் பற்றிப் பேச வருகிறவர்களை நான் வாசலோடு அனுப்பிவிடுவேன். வெயிலில் வந்திருந்தால் மோர் கொடுப்பேன், அவ்வளவுதான். போன மாதம் பையில் துண்டுப் பிரசுரத்தோடு இரண்டு பெண்பிள்ளைகள் வந்தார்கள். ஆதி கிறிஸ்தவர்கள் எவ்வளவு நிம்மதியாக வாழ்ந்தார்கள் தெரியுமா அம்மா என்று ஆரம்பித்தார்கள். தெரியும் என்றேன். அந்தப் பாடத்தை எனக்கு ஐம்பதுகளின் நடுவில், மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தில், மூடிய சோற்றுப் பானைக்கு முன்னால் உட்காரவைத்து நடத்தினார்கள். அந்தப் பிள்ளைகளிடம் அதைச் சொல்ல மனம் வரவில்லை. மோரைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

எங்கள் குப்பத்தில் பெரும்பாலான வீடுகள் அம்மனைக் கும்பிட்டன. பத்துப் பன்னிரண்டு வீடுகள் மட்டும் சபையில் சேர்ந்தவை. என் தகப்பனார் சேர்ந்த புண்ணியத்தில் நான் செங்கல்பட்டு மிஷன் விடுதியில் தங்கி எட்டாவது வரைக்கும் படித்தேன். அப்புறம் குப்பத்திலேயே ஒரு சபை வீட்டில் கட்டிக்கொடுத்தார்கள். என் புருஷனும் அவருடைய அண்ணனும் ஒரே மரத்தில் கடலுக்குப் போவார்கள். மரம் என்றால் எங்களுக்குக் கட்டுமரம். வலையும் ஒன்றுதான், இரண்டு வீட்டுக்கும் பொது. அண்ணன், அதாவது என் மச்சாண்டார், அதிகம் பேசாத மனிதர். அவரைக் கெட்டவர் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

அந்த வருஷம் ஐப்பசியில் மழை சற்று விட்ட ஒரு காலையில் இரண்டு பேரும் கடலுக்குப் போனார்கள். திரும்பி வரும்போது கரைக்குப் பக்கத்தில் அலை உடைகிற இடத்தில் மரத்தைக் கட்டியிருந்த கயிறு அறுந்தது. கட்டைகள் பிரிந்துவிட்டன. மச்சாண்டார் வலை கிடந்த இரண்டு கட்டையில் தொற்றிக்கொண்டார். என் புருஷன் கையில் ஒற்றைக் கட்டை. நனைந்த வலை ஓர் ஆள் பாரம் இருக்கும். அதை அறுத்துக் கடலில் விட்டிருந்தால் அந்த இரண்டு கட்டையில் இரண்டு பேரும் வந்திருக்கலாம். கரையில் நின்ற எங்கள் எல்லோருக்கும் அது தெரிந்தது. வலையை விடு, வலையை விடு என்று தொண்டை கிழியக் கத்தினோம். இரண்டு ஆட்கள் நீந்திப் போய்ப் பார்த்தார்கள், அலை அவர்களைத் திருப்பி எறிந்தது. என் புருஷன் அண்ணனைப் பார்த்துக் கையைத் தூக்கினார். அடுத்த அலைக்கு அப்புறம் கையைக் காணவில்லை. அண்ணன் வலையோடு கரையேறினான். அன்றோடு என் வாயில் அவனுக்கு 'அவர்' போய்விட்டது.

கொஞ்ச நாள் கழித்துக் கடப்பாக்கத்திலிருந்து ஆள் வந்தது. இடிந்த கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு உடல் ஒதுங்கியதாம். வைத்திருக்கிற நிலையில் இல்லையாம், அங்கேயே மணலில் புதைத்துவிட்டார்களாம். அரைஞாண் கயிற்றை மட்டும் ஒரு காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கயிறு அவருடையதுதான். நான் பின்னியது.

செத்தவர் வாயில் பச்சரிசி போட்டு அனுப்புவது எங்கள் வழக்கம். சபையில் சேர்ந்த பிறகு அது கூடாது என்று ஆனது. ஆனால் பெண்கள் முந்தானையில் முடிந்துகொண்டு போய், ஜெபத்துக்குக் கண் மூடும்போது போட்டுவிடுவோம். வாய்க்கரிசி இல்லாமல் யாரையும் நாங்கள் குழிக்குள் அனுப்பியதில்லை. என் புருஷன் ஒருவர்தான் அது இல்லாமல் போனவர்.

இப்போது எங்கள் சபைக்கு வேதம் சொல்ல வருகிற உபதேசியாரைப் பற்றிச் சொல்லவேண்டும். செங்கல்பட்டிலிருந்து மாதம் ஒரு ஞாயிறு வருவார். திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் வரை பஸ், அங்கிருந்து மணலில் நடை. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வருவார். நல்ல மனுஷன்தான். கஷ்டமே அதுதான், கெட்டவனாக இருந்தால் அடித்து விரட்டியிருக்கலாம். அவருக்கு ஒரே பைத்தியம், ஆதி சபை. முதல் கிறிஸ்தவர்கள் எல்லாவற்றையும் பொதுவாக வைத்துக்கொண்டார்கள், ஒரே பந்தியில் சாப்பிட்டார்கள், பகையோடு யாரும் பந்தியில் உட்காரவில்லை, அவர்களுடைய அன்பைப் பார்த்தே ஊர் அவர்கள் பக்கம் வந்தது என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அவர்கள் ஒருவரையொருவர் முத்தமிட்டுச் சமாதானம் சொல்வார்கள் என்று ஒருநாள் சொன்னார். பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் முத்தத்தைக் கைவிட்டுவிட்டார்.

முத்தத்துக்குப் பதிலாகக் கவளம் வந்தது. ஜெபம் முடிந்ததும் சபைக் கொட்டகையில் அன்பின் விருந்து நடக்கும். ஒரே பானை. பானையைத் திறப்பதற்கு முன் யாருக்காவது மனஸ்தாபம் உண்டா என்று கேட்பார். இருந்தால், நொந்தவர் தன் கையால் நோகடித்தவர் வாயில் முதல் கவளத்தை ஊட்டவேண்டும். ஊட்டும்வரை வேறு யாருக்கும் சோறு கிடையாது. நாம் எல்லோரும் ஒரே உடம்பு, ஒரு விரலில் விஷம் இருந்தால் உடம்பு முழுக்கச் சாப்பிடக்கூடாது என்பார். ஆரம்பத்தில் வேடிக்கையாகத்தான் இருந்தது. கோழி முட்டைச் சண்டை, வேலிச் சண்டை எல்லாம் ஒரு கவளத்தில் முடிந்தன. முதல் வாய் கிடைக்கிறதே என்று சில பேர் வீட்டிலிருந்தே சண்டையைத் தயார் செய்துகொண்டு வந்தார்கள்.

என் புருஷன் போன அடுத்த மாதம், கார்த்திகை, மழை ஊற்றிக்கொண்டிருந்தது. கடலுக்கு யாரும் போகவில்லை. குப்பத்தில் அடுப்பு எரிந்த வீடுகள் குறைவு. உபதேசியார் ஒரு மூட்டை அரிசியை ஆள் தலையில் ஏற்றிக்கொண்டு, முழங்கால்வரை சேறோடு வந்து சேர்ந்தார். பாதி மூட்டையைச் சமைத்தார்கள். சோறு வெந்த வாசனையில் சின்னப் பிள்ளைகள் பாட்டுப் பாடும்போதே அழுதன. என் மகளுக்கு அப்போது ஐந்து வயது இருக்கும். என் மடியில் உட்கார்ந்து பானையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாருக்காவது மனஸ்தாபம் உண்டா?" என்று கேட்ட உபதேசியார், பதிலுக்குக் காத்திருக்காமல் என்னைப் பார்த்தார். யாரோ முன்னாலேயே ஓதியிருக்கிறார்கள்.

"மகளே, உன் இருதயத்தில் கசப்பு இருக்கிறது."

"கீதுங்க ஐயா."

"அதை எடுத்துப் போட்டுவிடு."

"அதையும் எட்த்துட்டா உள்ள வேற இன்னாங்க ஐயா கீது?"

அவர் சிங்கத்தின் கதையை ஆரம்பித்தார். ஆதி கிறிஸ்தவர்களைச் சிங்கத்தின் முன்னால் தள்ளினார்களாம். அவர்கள் முகத்தில் கலக்கமே இல்லையாம். தள்ளிய சேவகனை வாழ்த்திவிட்டுச் செத்தார்களாம். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தச் சேவகன் கூடப்பிறந்தவனா என்று கேட்க வாய்வரை வந்தது. பிள்ளைகள் அழுகிறார்களே என்று கேட்கவில்லை.

பெண்கள் ஆரம்பித்தார்கள். முதலில் கெஞ்சல்.

"கொயந்தைங்கள பாருடி. ஒரு வாய்தானே? குட்துட்டு வா."

அப்புறம் கெஞ்சல் தீர்ந்துவிட்டது.

"அவன் கொணாந்த வலையில வர்ற பங்கதானே நீயும் துன்னப்போறே? அப்ப மட்டும் இனிக்குமா?"

"செத்தவன் செத்துட்டான். இவளால நாம சாவணுமா?"

மழையில் என் வீட்டுக் கூரை ஒழுகியபோது ஓலை கொண்டுவந்து கொடுத்தவள்தான் கடைசியாகச் சொன்னவள். பசி யாரையும் விட்டுவைப்பதில்லை. என் மகளும் என் கன்னத்தைப் பிடித்துத் திருப்பி, "யம்மா, குட்துடும்மா" என்றாள். யாருக்கு, எதற்கு என்று அவளுக்குத் தெரியாது. கொடுத்தால் சோறு வரும் என்று மட்டும் தெரியும்.

மச்சாண்டார் பானைக்கு அந்தப் பக்கம் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, சொல்லவில்லை. உபதேசியார் அவன் தோளைத் தொட்டதும் முகத்தைத் தூக்கிக் கண்ணை மூடிக்கொண்டான். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. அந்த வாயைப் பார்த்ததும்தான் எனக்கு அது தோன்றியது.

மகளைக் கீழே இறக்கிவிட்டு எழுந்தேன். உபதேசியார் சந்தோஷத்தில் பானையின் மூடியில் கை வைத்தார். "பான இருக்கட்டுங்க ஐயா" என்று சொல்லிவிட்டு மூலையிலிருந்த மூட்டைக்குப் போனேன். மிச்சமிருந்த பச்சரிசியில் ஒரு பிடி எடுத்தேன். அவனை இடப்பக்கமாகச் சுற்றி வந்தேன். கையைப் புரட்டி, அவன் வாயில் கொஞ்சம் கொஞ்சமாக மூன்று தடவை போட்டேன். பிணத்துக்கு எப்படிப் போடுவோமோ அப்படி. என் புருஷனுக்குப் போடாத அரிசியை அவருடைய அண்ணனுக்குப் போட்டேன்.

ஓரகத்தி, அவன் பெண்டாட்டி, வயிற்றில் அடித்துக்கொண்டு ஒரு சத்தம் போட்டாள். உபதேசியார் மூன்று தலைமுறைக் கிறிஸ்தவர், டவுன்காரர், வாய்க்கரிசி போட்டுப் பார்த்ததில்லை. எங்கள் சாவு வீட்டுக்கு வந்தாலும் ஜெபத்தை முடித்துவிட்டுப் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர். அவர் அந்தச் சத்தத்தை ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டார். பானை திறக்கும்வரை பொறுக்கமுடியாமல் பச்சை அரிசியையே ஊட்டிவிட்டாள் என்று நினைத்தார் போல. கண் கலங்கி "ஆமென்" என்றார். மூடியைத் திறந்தார்.

எல்லோரும் சாப்பிட்டார்கள். நடந்தது இன்னது என்று தெரிந்த அத்தனை பேரும் சாப்பிட்டார்கள். நானும் சாப்பிட்டேன். மச்சாண்டார் மட்டும் வாயில் அரிசியோடு உட்கார்ந்திருந்தான். துப்பவும் இல்லை, விழுங்கவும் இல்லை.

மழை விட்டதும் மரங்கள் கடலில் இறங்கின. அவனை யாரும் ஏற்றிக்கொள்ளவில்லை. வாய்க்கரிசி வாங்கினவனை ஏற்றினால் மரம் கரைக்குத் திரும்பாது என்றார்கள். அவன் வலையை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்கள். வலைப் பங்கு என்று இரண்டு வீட்டுக்கும் வந்தது ஒரு வேளைக்குக் காணவில்லை. வலை கடலுக்குப் போகும், வலைக்காரன் மணலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பான். அவன் நடந்து வந்தால் பெண்கள் பிள்ளைகளை இழுத்து உள்ளே விட்டுக்கொண்டார்கள். அவனுக்கு யாரும் நெருப்புக் கொடுக்கவில்லை, வெற்றிலை நீட்டவில்லை. அம்மனைக் கும்பிட்டவர்களும் சபையாரும் அந்த ஒரு விஷயத்தில் ஒரே உடம்பாக இருந்தார்கள். கொஞ்ச நாளில் அவனே அதை நம்ப ஆரம்பித்துவிட்டான். சவரம் செய்வதை நிறுத்தினான். வீட்டுக்குள் போகாமல் வெளியே படுத்தான்.

ஓரகத்தி என்னைத் தேடி வந்தாள். மூத்தவள், நான் அக்கா என்று கூப்பிடுகிறவள். என் காலடியில் உட்கார்ந்தாள்.

"வாய்ல போட்டத எடுக்க முடியாது. வாயாலயாவது சொல்லு. அவரு உசுரோட கீறாருன்னு நாலு பேரு முன்னால ஒரு வார்த்த சொல்லு. புள்ளைங்க பட்டினி கெடக்குதுங்கடி."

"கடல்ல ஒருத்தரு கை தூக்கினாரே அக்கா, அவருக்கு யாரு இன்னா சொன்னாங்க?"

அவள் எழுந்து போய்விட்டாள். எனக்கு அன்று இராத்திரி நல்ல தூக்கம் வந்தது. சமாதானம் என்பது அதுதானா என்று தெரியாது. புருஷன் போனபிறகு நான் அசந்து தூங்கியது அன்றுதான்.

இதற்கிடையில் செங்கல்பட்டில் உபதேசியார் என்னைப் புகழ்ந்து தள்ளிக்கொண்டிருந்தார். புருஷனைப் பறிகொடுத்தவள் பகைவனுக்குக் கவளம் ஊட்டினாள், ஆதி சபை திரும்பி வந்துவிட்டது என்று கூட்டத்துக்குக் கூட்டம் சாட்சி சொன்னாராம். கேட்டவர்கள் அழுதார்களாம். இரண்டு குடும்பம் அதைக் கேட்டே சபையில் சேர்ந்ததாம். எனக்கு ஒரு வெள்ளைப் புடவை வந்தது. திருக்கழுக்குன்றத்தில் கழுகு பார்க்கக் கூட்டம் போகிற மாதிரி, என்னைப் பார்க்கவும் சில பேர் மணலில் நடந்து வந்தார்கள். என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். எந்தக் கை என்று கேட்டு, வலக்கையைப் பிடித்துக்கொண்டார்கள். நானும் நீட்டினேன். புடவை நல்ல புடவை, உழைத்தது.

கிறிஸ்துமஸுக்கு அடுத்த ஞாயிறு அவர் மறுபடியும் வந்தார். பெரிய பண்டிகை விருந்து, ஆட்டுக்கறி போட்டுச் சமைத்தார்கள். கறி என்பது எங்கள் பிள்ளைகள் வருஷத்தில் ஒருநாள் பார்க்கிற வஸ்து. என் மகள் காலையிலிருந்து கொட்டகையை விட்டு நகரவில்லை. உபதேசியார் சம்பிரதாயத்துக்குக் கேட்டார், யாருக்காவது மனஸ்தாபம் உண்டா என்று. கேட்டுக்கொண்டே மூடிப் பக்கம் குனிந்துவிட்டார்.

"எனக்கு கீதுங்க."

மச்சாண்டார் எழுந்து நின்றான். அவன் குரலைக் கேட்டு எத்தனையோ நாள் ஆகியிருந்தது. உபதேசியார் நிமிர்ந்தார்.

"யார்மேல் அப்பா?"

அவன் என்னைக் காட்டினான்.

"இவள் உனக்குச் சமாதானம் கொடுத்துவிட்டாளே. நானே பார்த்தேனே."

"வாய்க்கரிசி போட்டாங்க ஐயா. உசுரோட கீறவனுக்கு."

உபதேசியார் முகம் போன போக்கை இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. செங்கல்பட்டில் அழுதவர்கள், புதிதாகச் சேர்ந்த குடும்பங்கள், வெள்ளைப் புடவை எல்லாம் அவர் கண்ணுக்கு முன்னால் வரிசையாகப் போயிருக்கும். என்னைப் பார்த்து, உண்மையா என்று கேட்டார். உண்மைதாங்க என்றேன். எங்கோ ஒரு பிள்ளை சோறு சோறு என்று சிணுங்கியது, அதன் தாய் அதன் வாயைப் பொத்தினாள்.

அவர் தன் சட்டத்தையே பிடித்துக்கொண்டார், பாவம், அவருக்கு வேறு என்ன இருந்தது. "இப்போது நொந்தவன் நீ. நீ அவளுக்கு ஊட்டு" என்றார்.

"செத்தவன் கையால சோறு யாரு ஐயா துன்னுவாங்க?"

உபதேசியார் என் பக்கம் திரும்பினார்.

"மகளே, இவன் உயிரோடு இருக்கிறான் என்று எல்லார் முன்பாகவும் சொல். ஒரே வார்த்தை. இந்தக் குடும்பம் பிழைத்துப்போகும்."

நான் அவனைப் பார்த்தேன். இளைத்துப்போயிருந்தான். தாடிக்குள் வாய் தெரியவில்லை. அவன் பக்கத்தில் அவன் பிள்ளைகள் கண்ணை என் வாயில் வைத்துக்கொண்டு நின்றார்கள். அந்த இடத்தில் என் மனம் இரங்கியது என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. இரங்கவில்லை. கல்லாகத்தான் இருந்தது.

"என் புருசன் உசுரோட கீறாருன்னு அந்தாளு ஒரு வார்த்த சொல்லட்டும். நானும் சொல்றேன்."

பெண்கள் என்னைச் சபிக்க ஆரம்பித்தார்கள். உபதேசியார் கையைத் தூக்கி அமர்த்தினார். சமாதானத்துக்கு உடன்படாதவர்களை ஆதி சபையில் வெளியே நிறுத்துவார்கள் என்றார். எழுந்தேன். மகள் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் வரவில்லை. "கறிம்மா" என்றாள். இழுத்தேன், காலை மணலில் ஊன்றிக்கொண்டாள். கையை விட்டுவிட்டு நான் மட்டும் வெளியே வந்தேன்.

வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. கொட்டகைக்கு ஓலைத் தடுப்புதான், சந்து சந்தாக உள்ளே தெரியும். வெயிலில் நின்று பார்த்தேன். உபதேசியார் ஓரகத்தியிடம் ஏதோ கேட்டார். அவள் என் மகளைக் காட்டினாள். அவர் முகம் தெளிந்தது. என் புருஷனுக்கு இரத்த உறவு, நொந்த வீட்டு வாரிசு, சட்டத்துக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. என் மகளைக் கைப்பிடித்துக் கூட்டிவந்து மச்சாண்டார் முன்னால் நிறுத்தினார்கள். அவன் மண்டியிட்டான், அவள் உயரத்துக்கு.

மூடி திறந்தது. ஆவி அடங்கியதும் உபதேசியார் சோற்றைக் குழம்பில் பிசைந்து, ஒரு கறித்துண்டும் வைத்து, ஊதி ஆறவைத்து, அவள் கையில் கொடுத்தார். அவள் முதலில் கறித்துண்டைப் பார்த்தாள். தன் வாய்க்குத்தான் கொண்டுபோனாள். ஒரு கிழவி அவள் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினாள்.

"உன் நைனாவுக்காகக் குடும்மா" என்றார் உபதேசியார். எங்கள் பேச்சை அவர் பேசிக் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

நான் கூப்பிட்டிருந்தால் அவள் திரும்பியிருப்பாள். பெயரைச் சொல்லி ஒரு சத்தம் போதும். வாய் திறந்தேன். உள்ளே எல்லோரும் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவள் கறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாளாக அவளுக்கு நான் கஞ்சித் தண்ணீர்தான் கொடுத்திருந்தேன். திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

"பெரிப்பா, துன்னு" என்றாள்.

அவன் வாயைத் திறந்தான். மென்றான். தொண்டை ஏறி இறங்கியது தெரிந்தது. உசுரோட கீறான், உசுரோட கீறான் என்று ஒருத்தி சொல்ல, இன்னொருத்தி சொல்ல, கொட்டகையே சொன்னது. ஓரகத்தி அழுதாள். உபதேசியார் அழுதார். அவன் என் மகளின் தலையில் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். அப்புறம் பானையிலிருந்து ஒரு கவளம் எடுத்து அவளுக்கு ஊட்டினான். அவள் வாயை அகலமாகத் திறந்து வாங்கிக்கொண்டாள். இன்னொன்று கேட்டாள்.

மறுநாளே அவனை மரத்தில் ஏற்றிக்கொண்டார்கள். செங்கல்பட்டில் சாட்சி மாறியது, என்னை விட்டுவிட்டுக் குழந்தையின் கை என்று ஆனது. அதைக் கேட்டும் ஆட்கள் சேர்ந்திருப்பார்கள்.

அன்று விருந்து முடிந்து அவள் வெளியே வந்தாள். வாயெல்லாம் குழம்பு. கையை என் புடவையில் துடைத்தாள். "பெரிப்பா அயுதாரும்மா. எனக்கு மூணு கறி குட்தாரு" என்றாள். நான் அவளைத் தூக்கவில்லை. முன்னால் நடந்தேன். வயிறு நிறைந்த பிள்ளை, பாட்டுப் பாடிக்கொண்டே பின்னால் வந்தாள். என் புருஷனுக்காகக் கோபப்பட இந்த உலகத்தில் இனி நான் ஒருத்திதான் என்று அந்த நடையில்தான் எனக்குத் தெரிந்தது.